சுற்றும் பக்கம்

அக்கா என்னிடம் முதன்முதலில் சொன்னது, "வேல இல்ல, போ."

பத்து பெரண்டாம் என்ற ஊரில் நான் வேலை பார்த்த ஃபேக்டரியை அப்போதுதான் மூடியிருந்தார்கள். பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். இன்னோர் இடம் தேடப் பயந்துகொண்டு வீட்டிலேயே கிடந்தேன். பட்டணத்துக்கு வெளியே கடைவரிசையில் இருக்கும் மசாலா மில்லுக்கு ஆள் வேண்டுமாம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். போனேன். எதிர்ப்பக்கம் நின்று, உள்ளே போகலாமா, நாளைக்கு வரலாமா, போன உடனே தும்மல் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பயந்துதான் உள்ளே நுழைந்தேன்.

அக்கா தலை நிமிரவே இல்லை. மல்லித்தூளைப் பையில் அள்ளிக்கொண்டே, "வேல இல்ல, போ" என்றார்.

"சரிக்கா" என்றேன். "சாரல் உள்ள அடிக்குது. போறப்ப கதவ சாத்திட்டுப் போவவா? மாவு மூட்ட நனையுது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பெரிய உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு, இரண்டு புருவத்திலும் மாவு. "காலைல வா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வராத" என்றார்.

வேலை கிடைத்துவிட்டதா, இல்லை விரட்டிவிட்டார்களா என்று தெரியாமல் அன்று சரியாகத் தூங்கவில்லை. அவர் என்னைத் தட்டிப் பார்த்திருக்கிறார் என்பது சில வாரம் கழித்துத்தான் புரிந்தது.

தட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அது இல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

மில்லின் பின்பக்கம் பெரிய மோட்டார் ஒன்று இருந்தது. அதிலிருந்து பெல்ட் போய், அரைக்கும் இரும்புத் தட்டுகளைச் சுழற்றும். மேலே புனல் மாதிரி ஒரு வாய். அதில்தான் மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் கொட்டுவோம். சுவரில் இரும்புப் பெட்டி, அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். தினமும் காலையில் வாயில் எதையும் கொட்டுவதற்கு முன்பு அக்கா பச்சையை அமுக்குவார். மோட்டார் உறுமத் தொடங்குவதற்குள் சிவப்பை அமுக்கிவிடுவார். பெல்ட் சக்கரம் கொஞ்சம் சுற்றிச் சோர்ந்து நிற்கும். அக்கா குனிந்து, அது எந்தப் பக்கம் சுற்றி நின்றது என்று பார்ப்பார். சக்கரத்துக்குப் பின்னால் சுவரில் சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். சக்கரம் அம்பு காட்டும் பக்கம் போயிருந்தால், "ம்" என்பார். இதற்குப் பெயர்தான் தட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும்.

"நேத்து சரியாத்தானேக்கா சுத்துச்சு? தெனமும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நேத்து நீயும் நல்லவனாத்தான் இருந்த. இன்னைக்கு எப்பிடின்னு எனக்குத் தெரியுமா?"

அப்புறம் அவராகவே விளக்கினார். அக்காவுக்கு விளக்கம் சொல்வது பிடிக்கும். நாம் இடையில் கேள்வி கேட்பதுதான் பிடிக்காது.

"மூணு பொம்பளைங்க ஒரே உரல்ல குத்துறத பாத்திருக்கியா?"

"படத்துல பாத்திருக்கேன்."

"அது போதும்லா. ஒருத்தி ஒலக்க மேல போவுது. அடுத்தவ ஒலக்க பாதியில வருது. மூணாவது ஆளு இடிக்கிறா. ஒரலுக்கு மூச்சு விட நேரமே இல்ல. இங்க வர்ற மூணு கம்பியும் அப்பிடித்தான். மூணுலயும் கரண்டு ஏறி எறங்குது, ஆனா ஒன்னு பின்னாடி ஒன்னா. அதான் இம்மாம் பெரிய மோட்டாரு யாரும் தள்ளி விடாமலே ஓடுது. த்ரீ ஃபேஸ்னா அதுதான்."

"அப்ப எங்க வீட்டுக் கரண்டு?"

"ஒன் வூட்டுல ஒருத்திதான் குத்துறா. ரெண்டு குத்துக்கு நடுவுல சோம்பல் முறிக்கிறா. காத்தாடிக்கும் ரைஸ் குக்கருக்கும் அவ போதும். மில்லுக்கு ஆவாது."

அதற்குப் பிறகு வீட்டில் காற்றாடி போடும்போதெல்லாம் அந்த ஒருத்தியின் நினைப்பு வந்து எனக்குச் சங்கடமாக இருந்தது. பாவம், தனியாகக் குத்திக்கொண்டிருக்கிறாளே என்று ஒரு விளக்கை அணைத்துவிடுவேன்.

"சரி, வட்டமா நிக்கிற மூணு பேருல ரெண்டு பேரு எடம் மாறி நின்னா?" என்று அக்காவே தொடர்ந்தார். "அதே ஆளுங்க, அதே ஒலக்க, அதே பலம். ஆனா குத்து விழுற வரிச எதிர்ப்பக்கமா சுத்தி வரும். இங்கயும் அதே கததான். எவனாச்சும் ரெண்டு கம்பிய மாத்தி முடுக்கிட்டான்னா மோட்டாரு நல்லாத்தான் ஓடும், அதே வேகம், அதே சத்தம். பக்கம் மட்டும் தப்பு."

பக்கம் தப்பினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவரே சொன்னார். மில்லுக்குள் தானியத்தைத் தட்டுகளுக்கு நடுவே தள்ளுகிற திருகாணி ஒன்று இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் அது தானியத்தை மேலே துப்பும். சரியான பக்கம் சுற்றும்போது இறுகிக்கொள்கிற நட்டு, எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்ளும். பிறகு தட்டு எங்கே போய் எதில் மோதும் என்று யாரும் சொல்ல முடியாது. அக்காவின் வீட்டுக்காரருக்கு வலக்கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுபோனது அப்படித்தானாம். நான் அவரைப் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேரும்முன்பே காலமாகியிருந்தார்.

"அந்த மனுசன் பச்சைய அமுக்கிட்டுத்தான் யோசிப்பாரு" என்பார் அக்கா. விரல் போன கதையைத் தவிர, அவரைப் பற்றி நான் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். கோபமாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மோட்டாரைத் தட்டிப் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. அக்கா மனிதர்களையும் தட்டிப் பார்த்தார். ஒரு சின்ன அதிர்ச்சி கொடுப்பார், உடனே நிறுத்திவிடுவார், நாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று குனிந்து பார்ப்பார்.

சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வாரம் தவறாமல் கறி மசாலா அரைக்க வருவார். நாங்கள் அவரை நானா என்போம். ஒருநாள் அக்கா வேண்டுமென்றே வேறு யாருடைய தூளையோ அவர் பையில் போட்டுக் கொடுத்தார். நானா வாசல் தாண்டவில்லை. பையைப் பிரித்து முகர்ந்தார்.

"ஏம்மா, இது எவன் வூட்டுச் சீரகம்? என் கடைக்கு நாளைக்கு ஆளு வரணுமா வேணாமா?"

"மாறிப் போச்சு நானா."

"மாறல. நீ மாத்துன. ஒன் கண்ணு சிரிக்குது பாரு." நானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மசாலா வரும்வரை அக்காவைத் திட்டிக்கொண்டே இருந்தார். அக்கா சிரித்துக்கொண்டே, அவருக்கு மூலைத் தேநீர்க் கடையிலிருந்து தே வரவழைத்துக் கொடுத்தார்.

எல்லாத் தட்டும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. பக்கத்துக் கடையில் தையல்கார அம்மா ஒருவர் இருந்தார். அக்காவோடு தினமும் காலையில் பசியாறுகிறவர். ஒருநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது அக்கா சாதாரணமாக, "ஒன் கடைய வேற ஆளுக்கு வுடப் போறாங்களாமே" என்றார். அந்த அம்மா கையிலிருந்த தோசைத் துண்டோடு அப்படியே இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "அடச்சீ, சும்மா சொன்னேன்" என்றார் அக்கா. அந்த அம்மா எழுந்து கை கழுவிக்கொண்டு போனார். அதற்கு மறுநாளிலிருந்து எங்களோடு பசியாற வரவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா கொஞ்சம் நிற்பார். பிறகு வேலையைப் பார்ப்பார். மன்னிப்பு கேட்கிற வழி அவருக்குத் தெரியவில்லை. தட்டுகிற வழி மட்டும்தான் தெரியும்.

நான் எப்போதும் பயந்தவன். அதனால் அக்கா தட்டினால் நான் ஒரே பக்கம்தான் திரும்புவேன். "தம்பி, பாம்பு!" என்றால் நாற்காலி மேல் நிற்பேன். "தம்பி, ஒன் மோட்டர்சைக்கிள காணோம்லா" என்றால் ரோட்டுக்கு ஓடுவேன். "ஒன்ன தட்டுறதுல ஒரு பிரயோசனமும் இல்ல" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் விடமாட்டார்.

செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு வேனில் தூள் கொண்டுபோகும்போது நான்தான் ஓட்டுவேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வருவார். அவருக்கு ஊர் என்றால் அந்த ஊருக்குப் போகிற கம்பிதான். "பாரு, இதுக்கு ரெண்டே கம்பி போவுது, வூடு. அங்க நாலு போவுது, மூணு வேல செய்யிறது, ஒன்னு திரும்பி வர்ற வழி. உள்ள ஏதோ பெருசா சுத்துது" என்பார். எட்டிப் பார்த்தால் அங்கே செம்பனை எண்ணெய் ஆலையோ மரம் அறுக்கிற இடமோ இருக்கும். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறினாலும், "இதுவும் நம்ம ஆளுதான்" என்று சுவரைத் தட்டிக்கொடுப்பார். நான் அந்த லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நான் கடலோரம் உம்பாயில் ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் இருக்கிறேன். மீன் படகுகளுக்குப் போகிற ஐஸ். அங்கேயும் நம்ம ஆளுகள்தான் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவில், பூசை நடக்கும்போதே ஒரு பக்கத்து விளக்கெல்லாம் அணைந்துபோனது. சாப்பாட்டுப் பந்தல் இருட்டு, சாமி சன்னதியும் வாசலும் வெளிச்சம். நான் ஏதோ பற்றிக்கொள்ளப் போகிறது என்று அக்காவின் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"வுடுடா. மூணு கம்பியில ஒன்னு போச்சு, அதுல மாட்டுன வெளக்கு மட்டும் போச்சு. சாமி பக்கம் எரியுதுல்ல? கும்புடு" என்றார்.

ஆனால் அதே விஷயம் மில்லில் நடந்தபோது அக்கா அப்படி நிதானமாக இருக்கவில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்க விளக்கு அணைந்தது. மோட்டாரின் சத்தம் கனத்து, வலியில் முனகுகிற மாதிரி ஆனது. அக்கா மூட்டையைத் தாண்டி ஓடிப்போய்ச் சிவப்பை அமுக்கினார். புறங்கையால் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். "ஒன்னு செத்துப் போனாலும் ஓடிக்கிட்டிருக்கிற மோட்டாரு நிக்காது தம்பி. மத்த ரெண்டையும் வச்சிக்கிட்டு ஓடும். வெளிய பாத்தா ஒன்னும் தெரியாது. உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும்."

அக்காவுக்கு ஒரே மகன். அவன் ஒரு பெண்ணை விரும்பினான். பத்து பெரண்டாமில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் லைனில் வேலை செய்கிற பெண். கல்யாணம் பேசி, பத்திரிகை கொடுக்கிற சமயம். அவளை மில்லுக்கு அழைத்து வந்தான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றி, அக்காவைப் பார்த்துக் கும்பிட்டாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் எல்லாரும் நிற்கும்போது சொன்னார்:

"நீ வீணா அலையிற. இவனுக்கு வேற எடத்துல பொண்ணு பாத்து முடிச்சாச்சு."

அந்தப் பெண் அழவில்லை, மகனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். மகன் பின்னால் ஓடினான்.

அக்கா வாசலுக்கு வந்து, "ஏம்மா, நில்லு! சும்மா ஒரு தட்டு தட்டிப் பாத்தேம்மா! நீ நல்ல பொண்ணு!" என்று கத்தினார்.

அவள் அங்கிருந்தே திரும்பினாள். "நான் மோட்டார் இல்ல" என்றாள். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. அக்காவும் போயிருந்தார், ஓரமாக நின்று அட்சதை போட்டார். மகனும் மருமகளும் தங்கா பத்துவில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். மகன் எப்போதாவது மில்லுக்கு வருவான். மருமகள் வரவே இல்லை. பேரப்பிள்ளை பிறந்தபோது அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்தான் வேனில் அழைத்துப் போனேன். மருமகள் மரியாதையாக, "வாங்க அத்தை" என்றாள். போர்வையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினாள். ஆனால் அக்காவின் கையில் கொடுக்கவில்லை. அக்கா நீட்டிய இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல், கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும் வழியில் கம்பிகளைப் பார்க்கவில்லை. "குடுக்கலடா" என்றார் ஒருமுறை. கொஞ்ச தூரம் போனபின், "தட்டிப் பாக்குறாளோ?" என்றார். அவர் கேட்டது என்னை அல்ல என்று தோன்றியது.

அதற்குப் பிறகும் மில் ஓடியது. அதே சிரிப்பு, அதே அதட்டல், அதே தட்டு. வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் மட்டும் சும்மா சும்மா அவர் முகத்தைப் பார்ப்பேன். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே மூடிவைத்துவிடுவார். தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு அரைக்க வந்தால், "குடு, நான் வச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொள்வார். அரைத்து முடித்தும் திருப்பித் தர நேரமாகும்.

பேரப்பிள்ளைக்குக் கூழ் ஊட்டுகிற பருவம் வந்தது. கடையில் விற்கிற மாவு அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், கேழ்வரகை நம்ம மில்லிலேயே அரைத்துக்கொள்ளலாம் என்று தான் சொன்னதற்கு தன் மனைவி சரி என்றுவிட்டாள் என்றும் மகன் ஃபோனில் சொன்னான். அக்கா ஃபோனை வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து மில் முழுக்கக் கூட்டினார். அரைக்கும் தட்டைக் கழற்றிக் கழுவி, மிளகாய் நெடி போகும்வரை பச்சரிசியைப் போட்டுப் போட்டு அரைத்தார். நான் கையை மூன்று தடவை கழுவினேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்தினம் காற்றும் மழையுமாக அடித்து, எங்கள் கம்பத்தின் மேல் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்துபோனது. மறுநாள் காலையில் லைன் வேலைக்காரர்கள் வந்து புதுக் கம்பி இழுத்து, மில்லுக்கு வரும் இணைப்பைப் புதிதாக முடுக்கினார்கள். ஏணியிலிருந்து இறங்கிய மலாய்க்காரர் என்னிடம், "தெங்கோக் பூசிங் டூலு, பாங்" என்றார்.

நான் நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அக்கா, கம்பிய புதுசா முடுக்கியிருக்காங்களாம். சுத்துற பக்கத்த மொதல்ல பாக்கச் சொல்றாரு."

"ம்" என்றார் அக்கா. காதில் விழுந்தது. நிச்சயமாக விழுந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் "ம்" என்றார். இதை நான் எத்தனையோ தடவை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. மகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மருமகள் கேழ்வரகுப் பையோடு வந்தாள். அக்கா ஓடினார், நின்றார், கையைப் புடவையில் துடைத்தார், பிள்ளையின் கன்னத்தைத் தொடப்போய்த் தன் விரலில் மாவு இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. அவ்வளவு பதற்றமாக அவரை நான் பார்த்ததில்லை.

"சத்தமா இருக்கும்டா, பிள்ளைய வெளிய வச்சிக்க" என்று மகனை வாசலுக்கு அனுப்பினார். "நீ இங்க நில்லும்மா, தூசி படாது" என்று மருமகளைச் சுவர்ப்பக்கம் நிறுத்தினார். அந்தச் சுவரில்தான் பச்சையும் சிவப்பும் இருக்கின்றன.

பிறகு கேழ்வரகை வாயில் கொட்டினார். கை நீட்டிப் பச்சையை அமுக்கினார். நேரே அரைக்கும் வாய்க்குப் போய், தானியத்தைத் தள்ளிவிடுகிற கட்டையை எடுத்துக்கொண்டு நின்றார். தட்டிப் பார்க்கவில்லை.

நான் முன்பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பெல்ட் அம்புக்கு எதிராக ஓடுவதை நான் பார்ப்பதற்குள், கேழ்வரகு வாயிலிருந்து மேலே பீறிட்டது. கூரைத் தகரத்தில் மழை மாதிரி அடித்தது. உள்ளே ஏதோ கடகடவென்று ஆடத் தொடங்கியது. அக்கா கட்டையை விடவில்லை, கை இன்னும் வாய்க்கு மேலேயே இருந்தது. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மூட்டைக் கயிறு கையிலேயே இருந்தது.

மருமகள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உள்ளங்கையால் சிவப்பை அறைந்தாள். அறைந்த கையோடு பாய்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் முனகி, ஆடி, நின்றது.

"கையக் காட்டுங்க! காட்டுங்க அத்தை!" அவள் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "பைத்தியமா உங்களுக்கு? கை போயிருந்தா என்ன செய்வீங்க? எங்க ஃபேக்டரியில சின்னப் பொண்ணுங்ககூட இப்பிடிச் செய்ய மாட்டாங்க! வாசல்ல ஒரு பிள்ள இருக்குன்னு தெரியுமா தெரியாதா?"

மில்லில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை அந்த மாதிரி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலையிலும் தோளிலும் கேழ்வரகு ஒட்டியிருந்தது. திட்டுவாங்கிக்கொண்டே மருமகளின் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமான குரலில், "தம்பி, வயர்மேனுக்கு ஃபோன் போடு. ரெண்டு கம்பி மாறியிருக்கு, மாத்தி முடுக்கச் சொல்லு" என்றார்.

அந்தக் குரல்தான் எனக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது. மறந்துபோனவருடைய குரல் அப்படியா இருக்கும்? நான் சொன்னதைக் கேட்டவர், விரல் போன கையைப் பார்த்துக் குடும்பம் நடத்தியவர், ஒருநாளும் தவறாதவர், பேரப்பிள்ளை வந்த பதற்றத்தில் மறந்தார் என்றால் நம்பலாம்; அந்தப் பதற்றத்தை நானே பார்த்தேன். ஆனால் மருமகளைப் பொத்தான் பக்கத்தில் நிறுத்தியது யார்? பிள்ளையை வெளியே அனுப்பியது யார்? சில நாள் ஒரு பக்கம் முடிவு செய்வேன். சோறு தின்றுகொண்டிருக்கும்போது மறுபக்கம் திரும்பிவிடும்.

அன்று சாயந்திரம் வயர்மேன் வந்து மாற்றினார். மறுநாள் கேழ்வரகு அரைத்து, தங்கா பத்துவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அக்கா மில்லை வேறு ஆளுக்கு விட்டார். மருமகள்தான் வந்து துணிமணியைக் கட்டி, அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். புது ஆளுக்கு நான் தேவைப்படவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன்.

ஒரு லீவு நாள் பார்க்கப் போனேன். மருமகள் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, அத்தை உள்ள பிள்ளைய வச்சிருக்காங்க" என்றாள். உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அக்கா மறந்துட்டாங்கன்னா நீ நெனைக்கிற?"

அவள் நிமிராமலே கேட்டாள்: "நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

"தெரியலம்மா. அதான் பயமா இருக்கு. வேணும்னே செஞ்சிருந்தா…"

"மறந்துட்டாங்கன்னு வச்சிக்குங்க. வேணும்னே செஞ்சாங்கன்னு வச்சிக்குங்க. ரெண்டுலயும் மில்லு வாயில இருந்தது அவங்க கைதானண்ணே." பீன்ஸ் நாரை உரித்து ஓரமாக வைத்தாள். "அப்பிடிப்பட்ட ஆள எப்பிடித் தனியா வுடுறது?"

அவள் அடுத்த பீன்ஸை எடுப்பதற்குள், சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வீறிட்டது.

"ஐயோ, அடுப்புல துணி பத்திக்கிச்சி! பிள்ள கிட்ட இருக்கு!"

மருமகளின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி பலகையில் ஓடியது. "எரியட்டும் அத்தை" என்றாள், குரலை உயர்த்தாமல். "அணைச்சிட்டு வாங்க, பிள்ளைக்குப் பசிக்கும்."

நான் அதற்குள் பாதி வீட்டைத் தாண்டியிருந்தேன். அடுப்பு எரியவில்லை. சட்டிகூட இல்லை. அக்கா ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் பேரப்பிள்ளை. கூடத்திலிருந்து வந்த கத்திச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. "பாருடா கண்ணு, மாமா வந்துட்டாரு" என்று பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். பிள்ளையும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து, அடுப்புக்குக் கீழே இருந்த காஸ் தோம்பின் திருகை இறுக்கிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய கைத்துணியை எடுத்து, தூரமாக, ஜன்னல் கம்பியில் மாட்டினேன்.